சாதித்த பழைய மாணவர்களுக்கும் கொடை தந்தவர்களுக்கும் மரியாதை செய்யும் விழா: மேலாண்மைக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எம்பிஏ நடத்தும் ஒரு கல்லூரியில் முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பைப் பல வருடம் பார்த்தேன். வெளியே போய் நன்றாக வந்த பழைய மாணவர்களையும், கல்லூரிக்குக் கொடுத்து உதவியவர்களையும் கூப்பிட்டு மரியாதை செய்யும் விழாவை ஒவ்வொரு வருடமும் புதிதாக ஓர் ஆசிரியர் தலையில் கட்டுவார்கள். அவரும் மண்டபம், சால்வை, சாப்பாடு என்றுதான் தொடங்குவார். அவையெல்லாம் கடைசி இரண்டு வாரத்து வேலை. பிரச்சினை வருவது வேறு இடத்தில். பட்டியலில் விட்டுப்போன பெயர், தப்பான முதலெழுத்து, சரிபார்க்காமல் மேடையில் சொன்ன ஒரு சாதனை, தர முடியாத ஒரு ரசீது. அதனால் வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையே இங்கே முக்கியமாகச் சொல்கிறேன். விழாவுக்கு நான்கு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

1. முதலில் இரண்டு பதிவேடுகள்

முன்னாள் மாணவர் பதிவேடு ஒன்று, நன்கொடைப் பதிவேடு ஒன்று. இரண்டையும் சரி செய்யாமல் யாரையும் தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள். பட்டியல் அரைகுறையாக இருந்தால், நமக்கு ஞாபகம் இருப்பவர்களும் அடிக்கடி கல்லூரிக்கு வந்து போகிறவர்களும்தான் தேர்வாவார்கள். ஓசூரில் மூன்று ஷிப்ட் பார்த்துக்கொண்டு கல்லூரிப் பக்கமே வராத ஒருவர் பட்டியலிலேயே இருக்க மாட்டார்.

மாணவர் பதிவேட்டுக்கு அலுவலகத்தில் இருக்கும் பல்கலைக்கழகத் தேர்ச்சிப் பட்டியலை அடிப்படையாக வையுங்கள். பெயர், பேட்ச், பதிவு எண் மூன்றும் அதில் சரியாக இருக்கும். போன் நம்பர்தான் பழையதாக இருக்கும். அதற்கு ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவரைப் பிடியுங்கள். எல்லா பேட்ச்சிலும் கல்யாணப் பத்திரிகையை எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் பட்டியலைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முக்கால்வாசி நம்பர் வந்துவிடும். வந்த நம்பர்களை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அவர்கள் நம்பரைத் தந்தது கல்லூரிக்கு மட்டும்தான்.

நன்கொடைப் பதிவேட்டுக்கு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் கட்டாயம் இருக்கும். அப்புறம் ரசீதே இல்லாத கொடைகளைத் தேட வேண்டும். நூலகத்துக்குப் புத்தகம் தந்தவர், ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்தவர், பணம் கட்ட முடியாத ஒரு மாணவிக்கு ஒரு செமஸ்டர் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டியவர். இதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்காது. கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கும் அலுவலக உதவியாளரிடமும் நூலகரிடமும் கேளுங்கள்.

பதிவேட்டில் காலமானவர்களைக் குறித்து வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். ஒரு வருடம் இதைச் செய்யாமல் கொடையாளர் ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டோம். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எடுத்தது அவர் மனைவி. அன்றிலிருந்து அறுபது வயதைத் தாண்டிய யாருக்கும் மாணவர்களை விட்டுப் பேச வைப்பதில்லை. அந்தக் குடும்பத்தை அறிந்த ஒருவரே முதலில் பேச வேண்டும்.

2. விதியை எழுதிவிட்டுப் பெயரைப் பேசுங்கள்

பெயரைப் பேசிவிட்டு விதி எழுதினால், விதி அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைந்துவிடும். அதனால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் விதியை எழுதி, முதல்வரும் தாளாளரும் கையெழுத்துப் போட்ட பிறகே பரிந்துரை கேளுங்கள்.

சாதனைக்கான மரியாதையும் கொடைக்கான மரியாதையும் வேறு வேறு. அழைப்பிதழில் தனித் தலைப்பு, மேடையில் தனி நேரம், தனி நினைவுப் பரிசு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், சாதனைக்காக நின்றவரைப் பார்த்து 'இவர் எவ்வளவு கொடுத்தார்?' என்று பின் வரிசையில் பேச்சு கிளம்பும். அவர் சம்பாதித்த பெயரை நாமே கெடுத்ததாகிவிடும்.

சாதனைக்கான விதியில் நான் வலியுறுத்துவது, படித்து முடித்துக் குறைந்தது ஏழு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதை. தொழில் தொடங்கி இரண்டாவது வருடத்தில் பாராட்டி, நான்காவது வருடத்தில் கடை மூடியதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! அடுத்தது, சம்பளத்தை மட்டும் அளவுகோலாக்காதீர்கள். நம் பக்கத்து எம்பிஏ படித்தவர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓசூர் சிப்காட்டில் மனிதவளப் பிரிவு, காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ், தளி பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா, பர்கூரில் கிரானைட், தருமபுரியில் பட்டுக்கூடு வியாபாரம், மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் கிராமத்து வங்கிக் கிளை. இவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. வேலை, சொந்தத் தொழில், பொதுப்பணி என்று மூன்று பிரிவு வைத்தால் போதும். மொத்தம் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். காரணத்தைப் பத்தாவது பகுதியில் சொல்கிறேன்.

கொடைக்கான விதியில் தொகையை மட்டும் எழுதாதீர்கள். வருடா வருடம் ஐயாயிரம் என்று பதினைந்து வருடம் தந்த ஓய்வுபெற்ற ஊழியரும் புரவலர்தான். வருடத்துக்குப் பத்து மாணவர்களைத் தன் ஆலையில் புராஜெக்ட் செய்ய விடுகிறவரும் அப்படியே. பணமாகத் தராதவர்களுக்கும் விதியில் ஒரு வரி இடம் இருக்கட்டும்.

குழுவுக்கு ஐந்து பேர் போதும். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பழைய மாணவர்கள், கல்லூரிக்கு வெளியே இருந்து ஒருவர். தன் உறவினர் பெயரோ கூட்டாளி பெயரோ வந்தால் அந்த உறுப்பினர் அந்த நேரம் வெளியே போய்விட வேண்டும். இதையும் விதியிலேயே எழுதிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

3. சொன்னதைச் சரிபாருங்கள்

பரிந்துரைப் படிவத்தில் வருவதெல்லாம் உண்மையாக இருக்கும் என்று நம்பி மேடையில் படிக்கக் கூடாது. பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. பரிந்துரைக்கிற நண்பர் அன்பில் கூட்டிச் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் அரங்கில் அதே தொழிலில் இருக்கும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, நீக்கப்பட்டதா என்பது தெரியும். கடையோ சிறு தொழிலோ என்றால் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் பதிவுப் பெயர், எந்தத் தேதியிலிருந்து பதிவு, இப்போது நடப்பில் இருக்கிறதா மூன்றும் வரும். வேலையில் இருப்பவர் என்றால் இப்போதைய பதவியின் பெயரை அவரிடமே எழுதி வாங்குங்கள். 'ஜெனரல் மேனேஜர்' என்று நாம் அச்சடித்து, அவர் துணைப் பொதுமேலாளராக இருந்தால் மறுநாள் அலுவலகத்தில் தர்மசங்கடம் அவருக்குத்தான்.

ஆள் சேர்ப்பு, கடன், நிலம் சம்பந்தமாக ஊரில் ஏதாவது பேச்சு இருந்தால் குழு அதை விசாரித்துவிட்டு முடிவு செய்யட்டும். வதந்தியை வைத்து ஒருவரை நீக்குவதும் தப்பு, கேட்காமல் விடுவதும் தப்பு. சந்தேகம் தீரவில்லை என்றால் அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். அவருக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

4. கொடைக் கணக்கு சுத்தமாக இருக்கட்டும்

ஆடிட்டரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசியே ஆக வேண்டிய பகுதி இது. சால்வை போர்த்திய கையோடு கொடையாளர் கேட்கும் முதல் கேள்வி 'வரிச் சலுகை உண்டா?' என்பதுதான். தெரியாமல் 'உண்டு' என்று சொல்லிவிட்டால் பிற்பாடு அவர் முகத்தில் விழிக்க முடியாது.

யார் பெயரில் பணம் வாங்குகிறோம் என்பதை முதலில் பாருங்கள். கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை வேறு, சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான முன்னாள் மாணவர் சங்கம் வேறு. கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்க வழி செய்யும் 80ஜி அங்கீகாரம் அறக்கட்டளைக்கு இருக்கலாம், சங்கத்துக்கு இல்லாமல் இருக்கலாம். செக்கைச் சங்கத்தின் பெயரில் வாங்கிவிட்டு அறக்கட்டளை ரசீதைத் தர முடியாது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அதற்கு 80ஜி கழிவு கிடையாது. அதற்கு மேல் என்றால் செக், வங்கிப் பரிமாற்றம் அல்லது யுபிஐ. பொருளாகத் தந்ததற்கும் கழிவு இல்லை. இருபது கம்ப்யூட்டர் வாங்கித் தர நினைக்கிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரே பணமாகத் தந்துவிடலாம். தனிநபர் என்றால் பழைய வரித் திட்டத்தில் இருப்பவருக்குத்தான் இந்தக் கழிவு. புதிய திட்டத்தில் இருப்பவருக்கு இல்லை. கொடையாளரின் பான் எண்ணையும் முகவரியையும் பணம் வாங்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதிலிருந்து வரும் சான்றிதழைக் கொடையாளருக்குத் தர வேண்டும். வெறும் ரசீதை வைத்து அவர் கழிவு கேட்க முடியாது. படிவங்களின் எண்ணை அந்தந்த வருடம் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் பணம் அனுப்புகிறேன் என்றால் உடனே கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு வாங்கலாம். அவர் அமெரிக்க, சிங்கப்பூர் குடிமகனாகிவிட்டால், கையில் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் அது முதலில் வர வேண்டும். 'நம்ம பையன்தானே' என்று வாங்கிவிட்டு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பதைவிட, அவரிடம் நிலைமையைச் சொல்லி, மாணவர்களுக்கு இணையவழி வகுப்பு எடுக்கச் சொல்வது மேல்.

ஓசூர்க் கம்பெனி ஒன்றில் இருக்கும் பழைய மாணவர் முயற்சி எடுத்து, கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஆய்வகம் வாங்கித் தந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடையாளர் அந்தக் கம்பெனி. பழைய மாணவர் பாலமாக நின்றவர். ரசீதும் பலகையும் கம்பெனியின் பெயரில், பாராட்டு இருவருக்கும். மாற்றி எழுதினால் அவர் வேலை செய்யும் இடத்தில் அவருக்கே சிக்கல்.

5. பெயர் சொல்லும் பரிசுத் தொகை: வட்டிக் கணக்கு

'அப்பா பெயரில் வருடா வருடம் பத்தாயிரம் தரணும், எவ்வளவு போடணும்?' என்று கேட்பார்கள். இன்றைய வட்டியை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். 6.5 சதவீத வட்டியில் 1,54,000 போட்டால் பத்தாயிரம் வந்துவிடும். ஆனால் வட்டி இறங்கினால் பரிசு நின்றுபோகும். விலைவாசி ஏறுவதால் பத்து வருடத்தில் பத்தாயிரத்துக்கும் மதிப்பு இருக்காது.

அதனால் 2,00,000 கேளுங்கள். 6.5 சதவீதத்தில் 13,000 வரும். பத்தாயிரம் பரிசுக்கு, மூவாயிரம் அசலோடு சேரட்டும். வட்டி 5 சதவீதத்துக்கு விழுந்தாலும் பரிசு நிற்காது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்காமல் ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த பணம் நிலைத்து நிற்க வேண்டும் என்பதுதானே அவர்கள் ஆசையும்.

அசலைத் தொடக் கூடாது, பரிசு யாருக்கு, தகுதியான மாணவர் இல்லாத வருடம் வட்டி என்ன ஆகும் என்ற மூன்றையும் ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சாதி சார்ந்த நிபந்தனை வந்தால் பணிவாக மறுத்துவிட்டு, 'குடும்பத்தில் முதல் பட்டதாரி', 'பெற்றோரை இழந்தவர்' போன்ற வேறு அளவுகோலைச் சொல்லிப் பாருங்கள்.

6. நேரில் போய்ச் சம்மதம் வாங்குங்கள், பெயரை எழுதி வாங்குங்கள்

தேர்வு முடிந்ததும் முதல் வேலை சம்மதம். அழைப்பிதழ் அச்சான பிறகு 'எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் எல்லாமே குலைந்துபோகும். வேலை மாற்றத்தில் இருப்பவர், வீட்டில் துக்கம் நடந்தவர், கொடுத்தது வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர் எல்லோரும் இருப்பார்கள். பெரியவர்கள் வீட்டுக்கு இரண்டு பேராவது நேரில் போங்கள். பழம் வாங்கிப் போங்கள்.

கிருஷ்ணகிரியில் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் நூலகத்துக்கு அலமாரிகள் செய்து கொடுத்திருந்தார். கல்வெட்டில் அவர் பெயரைப் போடச் சம்மதம் கேட்கப் போனோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எம் பேரைப் போடாதீங்க சார். எங்கம்மா பேரைப் போடுங்க. சந்தையில புளி வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க" என்றார். சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் பெரிய பெரிய எழுத்தில் பெயரை எழுதிக் கொடுத்தார். போனிலேயே கேட்டு முடித்திருந்தால் அவர் பெயரைத்தான் வெட்டியிருப்போம். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது.

பெயரை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. முதலெழுத்து 'மு.' என்றா 'எம்.' என்றா? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய. அங்கே முதலெழுத்து வீட்டுப் பெயரைக் குறிப்பதாக இருக்கலாம். பெண் கொடையாளர் என்றால் கணவர் பெயரைச் சேர்ப்பதா, அப்பா பெயரையா, எதுவும் வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். 'திருமதி இன்னார்' என்று கணவர் பெயரை மட்டும் அச்சடித்து, பணம் கொடுத்த அம்மாவின் பெயரே இல்லாமல் போன அழைப்பிதழ்களைப் பார்த்திருக்கிறேன். காலமானவர் பெயருக்கு முன் என்ன போடுவது என்பதையும் குடும்பத்தாரிடமே கேட்டுவிடுங்கள்.

7. நாள் குறிப்பது

நம் பக்கத்துத் தொழில்களின் நாள்காட்டியைப் பார்த்து நாள் குறியுங்கள். மே முதல் ஜூலை வரை மாம்பழத்தில் இருப்பவர்கள் தூங்கவே நேரமில்லாமல் இருப்பார்கள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி 14 வரை ரோஜாக்காரர்கள் வர மாட்டார்கள். மார்ச் முழுக்க வங்கி, தணிக்கை ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி ஒகேனக்கல் சாலையில் வண்டி நகராது.

எனக்குப் பிடித்தது ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை. வங்கிகளுக்கு விடுமுறை. மார்கழி என்பதால் கல்யாணம் இல்லை. சமையல்காரரும் போட்டோக்காரரும் சுலபமாகக் கிடைப்பார்கள். வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகள் பொங்கலுக்கு வரும் நேரம். ஒன்றை மட்டும் பாருங்கள். அந்தச் சனிக்கிழமை 12, 13, 14 தேதிகளில் விழுந்தால் பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும் கூட்டத்தில் அத்திப்பள்ளியிலும் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் வண்டிகள் நின்றுவிடும். அப்படியானால் முதல் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

8. பாராட்டுரை: நடுகல்லைப் பார்த்து எழுதுங்கள்

விழாவில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. பெரும்பாலான இடங்களில் இதை முந்தைய நாள் ராத்திரி எழுதுகிறார்கள். 'பன்முகத் திறமையாளர், உழைப்பின் சிகரம், எளிமையின் இலக்கணம்' என்று எட்டுப் பேருக்கும் ஒரே சொற்கள். பெயரை மாற்றிப் படித்தாலும் பொருந்தும் என்றால் அது யாரைப் பற்றியதும் இல்லை.

இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்கள் நம் மாவட்டங்களில் நிறைய. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். எழுத்து உள்ள கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் ஆநிரையை மீட்கும்போது இறந்தான் என்று இருக்கும். 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது ஆநிரையை மீட்டு இறந்தான், முடிந்தது. மாவீரன் என்ற சொல் தேவைப்படவில்லை. எப்போது, எங்கே, யாருக்காக, என்ன செய்தார் என்ற நாலும் இருந்தால் போதும்.

மாதிரிக்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன். "2008 முதல் 2010 வரை நம் துறையில் படித்தார். படிக்கும்போதே மாலையில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதினார். 2014-ல் நான்கு பேரோடு மாங்கூழ் ஆலை தொடங்கினார். இன்று சீசனில் அறுபது பேர் அங்கே வேலை செய்கிறார்கள். நாற்பது பேர் பெண்கள். காய்ப்பு விழுந்த ஒரு வருடத்திலும் நிரந்தர ஆட்களில் ஒருவரையும் அனுப்பவில்லை." இதைக் கேட்ட பிறகு கைதட்டு தானாக வரும்.

இதற்கு ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் பேச வேண்டும். இரண்டாம் வருட மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பேசி முதல் வரைவை எழுதட்டும். ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியவரும். எண்பது சொல்லுக்குள் அடங்க வேண்டும், மேடையில் படிக்க ஒரு நிமிடம் ஆகும். எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பி 'எல்லாம் சரியா?' என்று பதில் வாங்காமல் அச்சுக்குத் தராதீர்கள். கொடையாளர்களின் பாராட்டுரையில் தொகையைச் சொல்லாதீர்கள். அந்தப் பணத்தால் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "இவர் தந்த நிதியில் இதுவரை பதினோரு மாணவிகள் படித்து முடித்திருக்கிறார்கள்" என்பதற்கு இருக்கும் கனம் எந்தத் தொகைக்கும் இல்லை.

9. கல்வெட்டும் பெயர்ப் பலகையும்

கிரானைட்டுக்குக் கிருஷ்ணகிரியில் பஞ்சமில்லை. வெட்டிய எழுத்தைத்தான் திருத்த முடியாது. அதனால் மூன்று பேர் பிழை பார்க்கட்டும். ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கொடையாளர் கைப்பட எழுதிக் கொடுத்த தாளோடு ஒத்துப் பார்க்க, மூன்றாமவர் தேதியையும் முதலெழுத்தையும் மட்டும் பார்க்கட்டும். பத்தடி தூரத்திலிருந்து படிக்கக் குறைந்தது ஓர் அங்குல எழுத்து வேண்டும். கீழே நாலைந்து பெயருக்கு வெற்றிடம் விடுங்கள். அடுத்த வருடம் வரும் பெயரைத் தனிக் கல்லில் ஓரமாக மாட்டினால் அவருக்கு அது மரியாதையாக இருக்காது.

கொடையாளர் பெயரும், யார் நினைவாக என்பதும் மட்டும் இருக்கட்டும். கடைப் பெயர், போன் நம்பர், விற்கும் பொருள் எதுவும் வேண்டாம். அறநிறுவனத்தில் நன்றிக்காகக் கொடையாளர் பெயரைப் பொறிப்பதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2019 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அது தொழில் விளம்பரமாக மாறினால் அந்தச் சலுகை போய்விடும்.

10. மேடை நிரல்

ஒருவர் இருக்கையிலிருந்து எழுந்து மேடைக்கு வர அரை நிமிடம், பாராட்டுரை ஒரு நிமிடம், பொன்னாடையும் நினைவுப் பரிசும் போட்டோவும் ஒரு நிமிடம், அவர் பேச இரண்டு நிமிடம். ஆளுக்கு நாலரை நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 36 நிமிடம். பதினைந்து பேரை வைத்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பத்தாவது ஆள் மேடைக்கு வரும்போது மாணவர்கள் போனை எடுத்துவிட்டிருப்பார்கள். எட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். பேச விடாமல் சால்வை மட்டும் போர்த்தி அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. தங்கள் ஊரில், தங்கள் கல்லூரியில், இப்போது படிக்கிறவர்கள் முன்னால் பேசத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து முதலில். இசைத்தட்டு வேண்டாம், மாணவர்களே பாடட்டும். முன்னதாக இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். அப்புறம் வரவேற்புரை ஐந்து நிமிடம். தகடூர் மண்ணில் கொடை என்றாலே அதியமானும் நெல்லிக்கனியும் வாயில் வருவது இயல்பு. அதை வரவேற்பவருக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாலு பேரும் அதையே சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் இன்றைய கொடையாளருக்கு ஒரு நிமிடம்கூட மிஞ்சாது.

கொடையாளர்களை முதலில் கூப்பிடுங்கள். பெரும்பாலும் வயதானவர்கள், நெடுநேரம் உட்கார முடியாது. முதன்முதலில் கொடுத்த வருடத்தின்படி வரிசை. தொகையின்படி கூடவே கூடாது. பழைய மாணவர்களுக்கு பேட்ச் வரிசை, மூத்தவர் முதலில். இப்படி ஒரு காரணத்தோடு வரிசை இருந்தால் 'என்னை ஏன் அவருக்கு அப்புறம் கூப்பிட்டீங்க' என்ற கேள்வியே எழாது. படி ஏற முடியாதவர் இருந்தால் அவருக்கு மட்டும் எல்லோரும் கீழே இறங்கி வந்து மரியாதை செய்யுங்கள். கைத்தாங்கலாக மேலே ஏற்றி மூச்சு வாங்க நிறுத்தாதீர்கள்.

மேடையில் யாரிடமும் புதிதாக நன்கொடை கேட்காதீர்கள். ஒரு வருடம் எங்கள் மேடையில் பேசியவர், அப்போதுதான் கௌரவித்த பழைய மாணவரைப் பார்த்து, 'தம்பி ஒரு வகுப்பறை கட்டித் தருவார்' என்று மைக்கில் சொல்லிவிட்டார். அந்தத் தம்பி சிரித்தார். அதற்கப்புறம் அவர் எங்கள் போனை எடுக்கவே இல்லை.

சிறப்பு விருந்தினர் தாமதமானால் காத்திருக்காமல் கொடையாளர் பகுதியைத் தொடங்கிவிடுங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மாணவர் உட்காரட்டும். அழைத்து வருவது, கழிப்பறை காட்டுவது, நினைவுப் பரிசை வண்டி வரை தூக்கிப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. சாப்பாட்டில் சொல்ல அதிகமில்லை. இலை போட்டுப் பரிமாறுங்கள், சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஏதாவது வையுங்கள், விருந்தினரின் ஓட்டுநர்களையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

11. விழா முடிந்த மறுநாளிலிருந்து

இரண்டு நாளுக்குள் போட்டோவை அனுப்புங்கள். பெரியவர்களுக்குச் சட்டம் போட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். வர முடியாமல் போனவர்களின் நினைவுப் பரிசு அலுவலக அலமாரியில் தூசி படியக் கூடாது, ஒரு மாதத்துக்குள் வீடு சேர வேண்டும். பேட்ச், பெயர், பாராட்டுரை, கையெழுத்து வருகைப் பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி வையுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வின்போது முன்னாள் மாணவர் பங்களிப்பு பற்றிக் கேட்பார்கள். அந்த வாரம் ஓடித் தேட வேண்டியிருக்காது.

மே 31-ஐ இப்போதே நாள்காட்டியில் குறியுங்கள். நன்கொடைச் சான்றிதழ்கள் வந்ததும் ஒரு கவரில் போடுங்கள். அதே கவரில், அந்த வருடம் பரிசுத் தொகை பெற்ற மாணவர் தன் கையால் எழுதிய ஒரு கடிதத்தையும் வையுங்கள். அச்சடித்த நன்றிக் கடிதம் வேண்டாம். என்ன படிக்கிறேன், அந்தப் பணத்தில் எந்தக் கட்டணம் கட்டினேன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரைப் பக்கம் போதும். கவரைத் தபாலில் போடுவதற்கு முன் அந்த மாணவரிடம், கடிதத்தின் கீழே தன் போன் நம்பரை எழுத விருப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கொடையாளர்கள் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.